வெட்டாற்றுச் சரம்

நாகப்பட்டினம் பேருந்து நிலையத்தில், எடை பார்க்கும் இயந்திரத்துக்கும் கட்டணக் கழிப்பறைக்கும் நடுவே அவிழ்ப்பி நின்றுகொண்டிருந்தது. ஒரு துளைக்காசு போட்டால் போதும், உலகத்தில் எவர் எதைப் பூட்டி வைத்திருந்தாலும் திறந்து காட்டிவிடும். மருமகள் தாய்வீட்டுக்கு என்ன எழுதினாள், மேலதிகாரிக்கு என்ன வியாதி, எதிர்வீட்டுப் பையன் எந்தப் பெண்ணுக்குக் கவிதை அனுப்புகிறான், எல்லாம் ஒரே விலை. வந்த புதிதில் வரிசை மீன் மார்க்கெட் வரை நின்றது. இப்போது அதன் தலையில் யாரோ ஈரத் துண்டைக் காயப் போட்டிருந்தார்கள். அடுத்தவர் ரகசியம் ஊருக்குத் தெவிட்டிப்போய் வெகுகாலம் ஆகிறது.

சபூரா அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போவாள். அவள் பிழைப்பைக் கெடுத்த இயந்திரம் அது. இளவயதில் ஒரு வங்கிக்குப் பூட்டு எழுதிக்கொண்டிருந்தாள். இரும்புப் பூட்டல்ல, எண்ணால் ஆன பூட்டு. உலகத்தின் பணமெல்லாம் கைப்பேசிக்குள் எண்ணாகக் கிடந்த காலம் அது. அந்த எண்ணைக் காவல் காத்தது அவளைப் போன்றவர்கள் எழுதிய மறையெழுத்து.

அவிழ்ப்பியைச் செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. புது மருந்துக்கு மூலக்கூறு தேடத்தான் செய்தார்கள். ஒரு பூட்டுக்குக் கோடி சாவி இருந்தால் பழைய கணினி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். இது கோடியையும் ஒரே மூச்சில் போட்டுப் பார்த்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். பூட்டு போயிற்று, பூட்டோடு பணமும் போயிற்று. கையில் வைத்தால் கனக்கிற, கம்பி வழியே எவனும் திருட முடியாத காசு வேண்டும் என்று அரசாங்கங்கள் அலைந்தபோது, யாருக்கோ பழைய சீனக் காசு ஞாபகம் வந்தது. வட்டக் காசு, நடுவில் சதுரத் துளை, துளையில் கயிறு. இரண்டாயிரம் வருடம் அந்தப் பெரிய நாட்டின் கடைத்தெருவில் புழங்கிய காசு. கப்பலேறிச் சோழ நாட்டுத் துறைமுகங்களுக்கும் வந்த காசு.

இப்போது நம் ஊரிலும் அதுதான். ஒவ்வொரு ஊர் நாணயக்கூடமும் தன் முத்திரையைப் போட்டு அடித்தது. நாகைக்குப் படகு, தூத்துக்குடிக்குச் சங்கு, கரூருக்குத் தறி, மதுரைக்கு மீன் என்று. சந்தையில் எல்லாம் கலந்து புரண்டன. பூட்டு எழுதிய சபூரா, அறுபது வயது தாண்டி, காசைக் கயிற்றில் கோக்கும் சரக்கூடத்துக்கு மேற்பார்வையாளர் ஆகிவிட்டாள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் மஸ்கட்டில். அவளுக்கென்று வாரத்தில் மிச்சமிருந்தது சனிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான்.

சனிக்கிழமை என்றால் கலங்கரை விளக்கத்தின் நிழல் விழும் மீரான் டீக்கடை. அந்தக் காலத்தில் அங்கே 'முடிச்சு வட்டம்' கூடியது. யாராலும் படிக்க முடியாத பழைய மறையெழுத்துகளைப் பிடித்து வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்ளும் கூட்டம். மருத்துவர் ஒருவர், கணக்குத் தணிக்கையாளர் ஒருவர், பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை, வங்கிக்காரி சபூரா, கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்த வேதரத்தினம். ஐந்து டீ, மேலே இறால் பதித்துப் பொரித்த வாடா பத்து, நடுவில் எண்ணெய்க் கறை படிந்த தாள்கள். ஒரு எழுத்துக்கு அர்த்தம் பிடிபட்டதாகத் தோன்றினால் போதும், தணிக்கையாளர் மேசையில் ஓங்கி அடிப்பார், மீரான் உள்ளே இருந்து கத்துவார். அடுத்த வாரம் அது தப்பென்று தெரியும். அதற்காக யாரும் வருத்தப்பட்டதில்லை. சபூராவின் வாழ்க்கையிலேயே நன்றாக இருந்த வருடங்கள் எதுவும் தெரியாமல் இருந்த வருடங்கள்தான்.

அவிழ்ப்பி வந்தது. உலகம் முந்நூறு, நானூறு வருடமாகப் படிக்க முடியாமல் வைத்திருந்த மறையெழுத்துகளை எல்லாம் ஒரே மத்தியானத்தில் படித்து முடித்துவிட்டது. வட்டம் ஆறு வருடம் கட்டி அழுத ஒரு சுவடி குதிரைக்கு வயிற்றுப்போக்கு நிற்பதற்கான வைத்தியமாம். இன்னொன்று, ஒரு பிரபு தன் மாமியாரைத் திட்டி எழுதியது. மருத்துவர் அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. தணிக்கையாளர் சதுரங்கத்துக்குப் போனார். தலைமையாசிரியை காலமானார்.

மிஞ்சியது இரண்டு பேர். அவர்கள் மிஞ்சியதற்குக் காரணம் வெட்டாற்றுச் சரம்.

அவிழ்ப்பி வருவதற்கு முன்பே, வெட்டாறு கடலில் கலக்கும் இடத்தில் மணல் அள்ளியபோது அகப்பட்ட சரம் அது. சீனத்துச் செப்புக்காசுகள், களிம்பேறி ஒன்றோடொன்று ஒட்டிப்போய், ஒரு கரும்புத்துண்டு போல இருந்தது. ஊடுகதிர் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு காசின் முகத்திலும் நான்கு எழுத்து தெரிந்தது, எந்த அரசர் காலத்துக் காசு என்று சொல்லும் எழுத்து. நூறு வருடத்து அரசர்கள் முன்னும் பின்னுமாகக் கலந்து கிடந்தார்கள். அதில் ஆச்சரியம் இல்லை, சந்தைக் காசு அப்படித்தான் இருக்கும். ஆச்சரியம் என்னவென்றால், சரத்தின் இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு, அரக்கு வைத்து, முத்திரை குத்தியிருந்தார்கள். வெறும் பணத்துக்கு வரிசை மாறினால் என்ன, மாறாவிட்டால் என்ன? யாரோ அந்த வரிசையைக் காப்பாற்ற நினைத்திருக்கிறார்கள். அப்படியானால் வரிசையில் செய்தி இருக்கிறது.

அவிழ்ப்பிக்கு அதைக் கொடுத்தார்கள். அது முனகிக்கொண்டே இருந்தது. இன்றுவரை முனகுகிறது. உலகத்தில் அதனால் திறக்க முடியாத ஒரே பொருள் அது என்றானதும், பூட்டுச் சபை என்று நாடுகள் எல்லாம் சேர்ந்து வைத்திருந்த அமைப்பு பெரிய பரிசு அறிவித்தது. இந்தச் சரம் எப்படிப் பூட்டப்பட்டது என்று தெரிந்தால், அதே போல உலகத்துக்கே புதுப் பூட்டு செய்துவிடலாம் அல்லவா? எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். வளையே இல்லாமல் இருபது வருடம் வாழ்ந்துவிட்ட உலகத்துக்கு அந்த ஆசை இல்லாமலா இருக்கும்?

வேதரத்தினம் ஒரு காலத்தில் ஒரு கண்டுபிடிப்பு செய்தார். சரத்தில் எழுபத்தேழு காசுக்கு ஒருமுறை ஒரு மெல்லிய நூல் முடிச்சு வருகிறது என்பது வட்டத்தையே பைத்தியமாக்கியிருந்தது. எழுபத்தேழில் என்ன சூட்சுமம் என்று தணிக்கையாளர் எண் சோதிடம் வரைக்கும் போய்விட்டார். ஒரு சனிக்கிழமை வேதரத்தினம் வாடாவை மென்றுகொண்டே, "ஒரு சூட்சுமமும் இல்லீங்க. அந்தக் காலத்துச் சீனத்துல எழுபத்தேழு காசைக் கோத்துட்டு நூறுன்னு சொல்லுவாங்களாம். சர்க்காரே ஒத்துக்கிட்ட வழக்கம். நம்ம ஊர்ல படி அளக்கிறவன் கட்டைவிரலை உள்ள விடுற மாதிரி," என்றார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் அந்தக் கடைச் சுவரில் ஒட்டியிருப்பதாகச் சபூராவுக்குத் தோன்றும்.

அவருக்கு இப்போது எழுபது. மனைவி இல்லை. மகள் வெண்ணிலா ஓசூரில் வேலை பார்க்கிறாள். அங்கே வந்து இருங்கள் என்று நாலு வருடமாகக் கூப்பிடுகிறாள்.

"சரம் அவிழட்டும், வந்துடுறேன்னு சொல்லியிருக்கேன்," என்பார். "அவளும் பாவம், சரின்னுட்டா. அப்பனுக்கு ஒரு பைத்தியம், அது தீர்ந்தா வந்துடுவான்னு இருக்கா."

சபூரா டீயை ஊதுவாள். சரம் அவிழக் கூடாது என்று மனசுக்குள் ஒரு துஆ ஓடும். பரிசோ, உலகத்தின் பூட்டோ அவளுக்குப் பெரிதில்லை. இந்த மனிதர் எதிரில் உட்கார்ந்து வாடாவிலிருந்து இறாலைத் தனியாக எடுத்துக் கடைசியில் சாப்பிட வைத்திருப்பாரே, அது போதும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, எங்கும் எழுதியதும் இல்லை. எழுதாததை அவிழ்ப்பி எப்படிப் படிக்கும்?

அந்தச் சனிக்கிழமை காலையில்தான் சீனத்துச் செய்தி வந்தது.

சரக்கூடத்தின் செய்தித்திரையில் ஒரு படம். சூவன்சௌ என்ற பழைய துறைமுகம், முன்பு தமிழ் வணிகர்கள் போய்ச் சிவன் கோயில் கட்டிய ஊர். அங்கே சேற்றில் ஒரு சரம் அகப்பட்டிருக்கிறது. அதே அரக்கு, அதே முத்திரை. நாகைச் சரத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். அதே அரசர்கள், அதே வரிசை. 'ஒரே செய்தியின் இரண்டு பிரதிகள்' என்று நிபுணர்கள் குதித்தார்கள். இரண்டையும் சேர்த்து அவிழ்ப்பிக்குக் கொடுத்திருக்கிறார்களாம். அது இன்னும் பலமாக முனகுகிறதாம்.

சபூரா கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டாள்.

பிரதி எதற்கு? கடிதம் எழுதுகிறவன் ஒன்றைத்தான் எழுதுவான். ஒரே மாதிரி இரண்டு செய்து, இந்தக் கரையில் ஒன்று, அந்தக் கரையில் ஒன்று என்று வைத்துக்கொள்வது வேறொன்றை. வங்கிப் பெட்டகத்துக்கு இரண்டு பேர் கையில் இருக்குமே, அது.

சாவி.

இத்தனை வருடமாக உலகத்துப் புத்திசாலிகள் எல்லோரும் ஒரு சாவியைப் பூட்டென்று நினைத்துத் திறக்கப் பார்த்திருக்கிறார்கள். மறையெழுத்துக்காரர்களுக்கே உள்ள கோளாறு அது. எதைக் கண்டாலும் திறக்கத்தான் தோன்றும். அதற்குள் செய்தியே இல்லை. சிதம்பரத்தில் திரையை விலக்கினால் இருக்கும் வெறும் வெளி போல.

அவளுக்கு இதெல்லாம் தெரியாத சங்கதியும் அல்ல. படிக்கிற காலத்தில் பாடப்புத்தகத்தில் இரண்டு பத்தி இருந்தது, 'ஒருமுறைச் சாவி' என்று. அர்த்தமில்லாத ஒரு வரிசை, இரண்டு பேரிடம் ஒரே மாதிரி. படகு வந்தால் எழுத்தை மூன்று தள்ளு, சங்கு வந்தால் ஏழு தள்ளு என்று ஒவ்வொரு காசுக்கும் ஒரு எழுத்தை மாற்றி எழுதி அனுப்பினால், மற்றவர் தன் சரத்தைப் பார்த்து அதே அளவு பின்னால் தள்ளிப் படித்துக்கொள்வார். பயன்படுத்திய காசைக் கழற்றிவிட வேண்டும், இரண்டாவது முறை தொடக்கூடாது. அப்படிச் செய்தால் எந்த இயந்திரத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. 'நடைமுறைக்கு ஒவ்வாதது' என்று பேராசிரியர் பக்கத்தைத் தள்ளிவிட்டார். அவிழ்ப்பி வந்த பின்பு சிலர் முயன்று பார்க்காமல் இல்லை. ஆனால் இயந்திரம் குலுக்கிய வரிசையை அவிழ்ப்பி பின்னாலேயே போய்ப் பிடித்தது, கம்பி வழியே போன சாவியை வழியிலேயே பார்த்துவிட்டது. இந்தக் காசுகளைக் குலுக்கியது இயந்திரம் இல்லை. மீன்காரி, ஓடக்காரன், வரி வசூலிக்கிறவன், சூதாடி என்று நூறு வருடத்துச் சந்தை குலுக்கியிருக்கிறது. அந்தக் கூடையில் இரண்டு வணிகர்கள் எதிரெதிரே உட்கார்ந்து கையை விட்டிருக்கிறார்கள். ஒருவர் எதை எடுத்துக் கோத்தாரோ அதற்கு ஜோடியை மற்றவர் தேடிக் கோத்திருக்கிறார். எத்தனை நாள் பிடித்திருக்கும்! என்னவெல்லாம் பேசியிருப்பார்கள்!

இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டது. சீனத்துச் சரம் ஒரு சாண் குட்டையாக இருந்தது. அதன் வரிசை நாகைச் சரத்தில் ஒரு சாண் தள்ளித்தான் தொடங்கியது. அங்கே இருந்தவர் ஒரு சாண் நீளத்துக்கு ஏதோ எழுதி, காசுகளைக் கழற்றிவிட்டு, கப்பலில் அனுப்பியிருக்கிறார். இங்கே இருந்தவருக்கு அது வந்து சேரவே இல்லை. அவர் சரத்தில் அந்தக் காசுகள் கழற்றப்படாமல் காத்துக்கொண்டிருந்தன. தொள்ளாயிரம் வருடமாக.

சபூராவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் காசு கோத்துக்கொண்டிருந்த அந்தோணியம்மாள், "என்னக்கா, தூசியா?" என்றாள்.

"தூசிதான்," என்றாள் சபூரா. உடனேயே முகம் சிவந்தது. பொய் சொல்லிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

சாயங்காலம் வேதரத்தினம் வந்தார். படத்தை அவரும் பார்த்திருந்தார். வாடாவைப் பிட்டார், இறாலை ஓரமாக வைத்தார்.

"ரெண்டும் ஒண்ணா இருக்கே சபூராம்மா. என்ன நெனைக்கிறீங்க?"

"யோசிக்கணும் சார்."

"ம். யோசிக்க வேண்டியதுதான்." அவர் கடலைப் பார்த்தார். "அவசரம் ஒண்ணுமில்ல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஒரு வாரம் தாக்குப்பிடித்தாள். அதற்குள் அந்தோணியம்மாள் வீட்டில் ஒரு இடி. அவள் மகள் ரோஸ்லினுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்துகொண்டிருந்தது, பிறகு மாத்திரையில் அடங்கியிருந்தது. மருத்துவர் எழுதியதை அவிழ்ப்பியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஆகவே யாரோ படித்தார்கள். நிச்சயம் வரைக்கும் வந்த சம்பந்தம் நின்றுபோயிற்று. இது மூன்றாவது.

"டாக்டர்கிட்ட போகவே மாட்டேங்குதுக்கா. போனா எழுதுவாரு, எழுதுனா ஊர் படிக்கும்னு மாத்திரையையும் நிறுத்திடுச்சு. நேத்து குளியலறையில விழுந்து கிடந்துச்சு," என்று அந்தோணியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அன்றைக்கு இரண்டு சரம் கோத்து முடிப்பதற்குள் சபூராவின் விரல் நாலு முறை தப்பியது. ஒரு கிழவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள நான் இந்தப் பெண்ணின் உயிரை அடகு வைக்கிறேனா? தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

அடுத்த சனிக்கிழமை டீ வருவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். "சார், அது கடுதாசி இல்ல. சாவி."

ஆச்சரியம் எதுவும் அவர் முகத்தில் இல்லை.

"போன வாரமே கண்டுபிடிச்சிட்டேன். சொல்லல. சொன்னா நீங்க ஓசூர் போயிடுவீங்க." மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அல்லா மன்னிக்கணும், எனக்கு மனசு வரல."

அவர் ஓரமாக வைத்திருந்த இறாலை எடுத்து அவள் தட்டில் வைத்தார். இருபது வருடத்தில் முதல் முறை.

"எனக்கு நாலு வருஷமா தெரியும்மா."

"என்னது?"

"முப்பது வருஷம் விளக்கு சுத்திக்கிட்டு இருந்தவன் நான். அந்த வெளிச்சத்துல ஏதாச்சும் சேதி இருக்கா? ஒண்ணும் கிடையாது. இங்க ஒருத்தன் முழிச்சிருக்கான், அவ்வளவுதான். இந்தச் சரமும் அந்த மாதிரிதான்னு ஒருநாள் பட்டுச்சு. ஜோடி இல்லாம நிரூபிக்க முடியாது, அதனால சொல்லலன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்." அவர் சிரித்தார். "வெண்ணிலா என்னைக் கூப்பிட ஆரம்பிச்சதும் நாலு வருஷம் முன்னாடிதானே. இப்பக் கணக்கு புரியுதா?"

மீரான் டீயைக் கொண்டுவந்து வைத்தபோது இரண்டு கிழங்களும் சிரித்துக்கொண்டிருந்தன, அதில் ஒன்று அழுதுகொண்டும் இருந்தது.

பூட்டுச் சபைக்கு இருவர் பெயரிலும் செய்தி போயிற்று. உலகம் கொண்டாடியது, பட்டாசு எல்லாம் வெடித்தார்கள். ரகசியம் திரும்பிவிட்டது! கொண்டாடி முடித்து உட்கார்ந்து யோசித்தபோதுதான் சங்கடம் தெரிந்தது. இந்தப் பூட்டைக் கடையில் வாங்க முடியாது, கம்பியில் அனுப்ப முடியாது, இயந்திரத்திடம் செய்து தா என்று சொல்லவும் முடியாது. சந்தைக் காசை ஒரு கூடையில் கொட்டி, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, பொழுது சாயும் வரை கோக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

மும்பை வங்கியும் லண்டன் வங்கியும் ஆளுக்கொருவரை அனுப்பின. போனவர்கள் நம்பகமானவர்கள்தானா என்று பார்க்க இன்னும் இருவரை அனுப்பின. ஒரு நாட்டு அமைச்சர் தன் சரத்தின் ஜோடியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இரண்டையும் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாராம். பூட்டு கிடைத்துவிட்டது, பூட்டிப் பேசத்தான் அவருக்கு ஆள் இல்லை.

சபூராவின் சரக்கூடத்தில் 'இரட்டைச் சரம் கோத்துக்கொள்ளலாம்' என்று பலகை வைத்தார்கள். முதல் நாள் ரோஸ்லினும் அவள் மருத்துவரம்மாவும் வந்து பாயில் உட்கார்ந்து கோத்தார்கள். அந்தப் பெண் இடையில் ஒருமுறை சிரித்ததைப் பார்த்து அந்தோணியம்மாள் உள்ளே போய் மூக்கைச் சிந்திக்கொண்டாள். அதற்குப் பிறகு கூட்டம் வந்தது, தெரு வரைக்கும் வந்தது. வந்தவர்களைப் பார்த்துச் சபூராவுக்கு முதலில் விளங்கவில்லை. அநேகம் பேர் தனியாகத்தான் வந்திருந்தார்கள்.

"ஜோடி யாருங்க?" என்று கேட்டால் விழித்தார்கள். இருபது வருடம் யாரிடமும் எதையும் ஒளிக்காமல் வாழ்ந்தாயிற்று. ஒளிக்காமல் இருந்ததில், ஒருவரை மட்டும் தனியே கூப்பிட்டுச் சொல்லும் பழக்கமும் போய்விட்டிருந்தது. நல்ல சட்டை போட்ட ஒரு நடுவயதுக்காரர் நெடுநேரம் கூடைப் பக்கத்தில் நின்றுவிட்டு, "அம்மா, உங்களுக்கு வேலை இல்லேன்னா... நீங்களே அந்தப் பக்கம் ஒண்ணு வெச்சுக்கிறீங்களா?" என்று கேட்டார். அவரிடம் சொல்ல ஏதாவது இருந்ததா என்று அவளுக்குத் தெரியாது. பாவமாக இருந்தது. உட்கார்ந்து கோத்துக் கொடுத்தாள்.

வேதரத்தினம் ஓசூர் போகும் நாள் வந்தது. வாக்குக் கொடுத்தவர், போகத்தான் வேண்டும். அதற்கு முந்தின சனிக்கிழமை இருவரும் மீரான் கடையிலேயே கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர் ஒரு படகை எடுத்தால் அவள் ஒரு படகைத் தேடினாள். அவள் சங்கு எடுத்தால் அவர் சங்கு. பழைய வட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். தணிக்கையாளர் மேசையில் அடித்ததை, தலைமையாசிரியை வாடாவை எண்ணெய் என்று சொல்லிக்கொண்டே மூன்று தின்றதை. கலங்கரை விளக்கம் சுழல ஆரம்பித்த நேரத்தில் முடிச்சுப் போட்டு அரக்கு வைத்தார்கள்.

"சபூராம்மா, ஒரு எழுத்துக்கு ஒரு காசு. பார்த்துச் செலவு பண்ணுங்க," என்றார் போகும்போது.

அவர் எழுதினார். எந்த ஊரில் எழுதினாலும் எல்லா ஊர்த் திரையிலும் தெரியும் பொதுப்பலகையில் அர்த்தமில்லாத எழுத்துக் குவியலாக அது வந்து நிற்கும். பேருந்து நிலையத்தில் இரண்டொருவர் அவிழ்ப்பியின் தலைமேல் கிடந்த துண்டை ஆசையாக எடுத்துவிட்டுக் காசு போட்டுப் பார்த்தார்கள். அது முனகியது. கிழவருக்கும் கிழவிக்கும் நடுவில் என்னமோ இருக்கிறது என்று ஊர் பேசிக்கொண்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சபூரா சரத்தைப் பார்த்துப் படித்தாள்: 'இங்கே குளிர். டீ சரியில்லை.' அவ்வளவுதான். உலகத்தில் யாராலும் உடைக்க முடியாத ரகசியம்.

அவள் பதில் எழுதினாள். மீரானுக்குக் காய்ச்சல் என்பதை ஒரே வரியில் எழுதியிருக்கலாம். காய்ச்சல் எப்படி வந்தது, என்ன கஷாயம் குடித்தார், அவர் மருமகன் போட்ட டீ எவ்வளவு கேவலமாக இருந்தது, அலை எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது என்று ஒரு சாண் சரத்தைக் கழற்றிக் கூடையில் போட்டாள்.

'ஏன் இப்படி வீணாக்குகிறீர்கள்? சரம் தீர்ந்துவிடும்,' என்று வந்தது.

'தீரட்டும்,' என்று எழுதினாள். பிறகு அந்த வாரம் பெய்த மழையைப் பற்றி இரண்டு சாண் எழுதினாள்.

சரம் தீர்ந்தால் என்ன ஆகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். புதுச் சரத்தை அனுப்ப முடியாது. எதிரெதிரே உட்கார்ந்துதான் கோக்க வேண்டும்.

அதற்கப்புறம் பத்து நாள் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அவளிடம் ஒரு முழச் சரம் மிச்சமிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சீனத்துச் சரத்தின் ஒரு சாண் ஞாபகம் வந்தது. எழுதியும் வந்து சேராத அந்த ஒரு சாண். எழுபது வயது, குளிர், புது ஊர். சபூரா தூக்கம் கெட்டாள்.

பதினோராவது நாள் காலையில் பொதுப்பலகையில் ஒரு பெரிய குவியல் வந்து நின்றது. இத்தனை நீளம் அவர் எழுதியதே இல்லை. சபூரா சரக்கூடத்துப் பாயிலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு காசாகத் தள்ளிப் படித்தாள்.

'தர்மபுரி ஓமலூர் சேலம் ஆத்தூர் சின்னசேலம்'

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. காசைக் கழற்றினாள், அடுத்ததைப் பார்த்தாள்.

'விருத்தாசலம் நெய்வேலி கடலூர் சிதம்பரம் சீர்காழி'

காசுகளை வேகவேகமாகக் கழற்றினாள். எந்த ரயில் நிலையத்துச் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதிப் போட்டிருப்பதை, எந்தச் சின்னப் பிள்ளையும் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியதை, உலகத்தின் கடைசிப் பூட்டுக்குள் வைத்து, காசைக் காசென்று பாராமல் அந்த மனிதர் அனுப்பியிருந்தார்.

'மயிலாடுதுறை திருவா'

அதோடு காசு தீர்ந்துவிட்டது. கையில் வெறும் கயிறு. பலகையிலும் அதற்குமேல் எழுத்தில்லை. அவர் கையிலும் இப்போது வெறும் கயிறுதான் இருக்கும்.

திருவாரூருக்கு அடுத்த பெரிய ஊர் எது என்று அவளுக்கு யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. "அந்தோணியம்மா, கூடையைக் கொஞ்சம் நிறைச்சு வை. படகும் சங்கும் நல்லாக் கலந்து இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு எழுந்தாள். இன்று சனிக்கிழமைகூட இல்லை. மீரானிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் இறால் வாடா கிடைக்கும்.